கருவிழி மாற்று அறுவை: மதுரைப் பக்கத்து நோயாளிக்கும் வீட்டாருக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

"கண்ணுல பூ விழுந்துருச்சு, இனி என்னத்தப் பாக்க" என்று முடிவு கட்டிவிட்டு, ஒற்றைக் கண்ணோடு காலம் தள்ளுகிறவர்கள் உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பூ பெரும்பாலும் கருவிழியில் விழுந்த தழும்பு. கண்ணின் உள்ளே விழித்திரையும் நரம்பும் நன்றாக இருந்து, முன்னால் இருக்கும் கருவிழி மட்டும் மங்கியிருந்தால், அதை மாற்றிப் பார்வையைத் திரும்பப் பெற வாய்ப்பு உண்டு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த அறுவையில் மேஜையில் நடப்பது பாதி வேலைதான். மீதிப் பாதி வீட்டில், சொட்டு மருந்தோடு, ஆண்டுக்கணக்கில் நடக்கிறது. மருத்துவர் எவ்வளவு நன்றாகத் தைத்தாலும் அந்தப் பாதியைக் கைவிட்டால் கண் போய்விடும். அதனால்தான் இந்தக் கட்டுரையில் அறுவையைவிட அதற்குப் பிந்தைய நாட்களுக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

1. கெட்டுப்போனது எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

கருவிழி என்று கண் மருத்துவமனைகளில் சொல்வது கார்னியாவை. கைக்கடிகாரத்தின் மேல்கண்ணாடி போல, கண்ணின் முன்பக்கத்தை மூடியிருக்கும் தெளிவான திசு அது. நடுவில் அரை மில்லிமீட்டர் கனம்தான். அதில் ரத்தக் குழாய் கிடையாது. வேண்டிய ஆக்சிஜனைக் கண்ணீர் வழியாகக் காற்றிலிருந்தும், சத்தைக் கண்ணுக்குள் இருக்கும் நீரிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. தானம் தந்தவரின் ரத்த வகை பொருந்த வேண்டும் என்ற கட்டாயம் இதில் பொதுவாக இல்லாததற்கும் அதுவே காரணம்.

இவ்வளவு மெல்லிய பொருளுக்குள்ளும் அடுக்குகள் இருக்கின்றன. நோயாளிக்கு மூன்றைத் தெரிந்தால் போதும். மேலே தோல் அடுக்கு. நடுவில் கனமான ஸ்ட்ரோமா. உள்பக்கத்தில் ஒற்றை வரிசையாக நிற்கும் எண்டோதீலியம் செல்கள். இந்த உள் செல்கள்தான் கருவிழிக்குள் ஊறும் நீரை ஓயாமல் வெளியே இறைத்து அதைத் தெளிவாக வைத்திருக்கின்றன. மனிதனுக்கு இந்தச் செல்கள் செத்தால் மறுபடி முளைப்பதில்லை. எண்ணிக்கை மிகவும் குறைந்தால் கருவிழி நீர் கோத்து வீங்கி மங்கிவிடும்.

எந்த அடுக்கு கெட்டிருக்கிறது என்பதை வைத்துத்தான் எந்த அறுவை என்பது முடிவாகிறது. ஆகவே மருத்துவரிடம் "ஆபரேஷன் எப்போ?" என்று கேட்கும் முன், "எந்த லேயர் கெட்டிருக்கு சார்?" என்று கேளுங்கள்.

காலையில் எழுந்ததும் புகை மூட்டமாகவும், மதியத்துக்கு மேல் கொஞ்சம் தெளிவாகவும் தெரிகிறது என்றால் அது உள் அடுக்குக் கோளாறின் அடையாளமாக இருக்கலாம். தூங்கும்போது இமை மூடியிருப்பதால் நீர் ஆவியாகாமல் தேங்கிவிடும்; கண் திறந்து நேரமாக ஆக அது வற்றும். பல ஆண்டுகளுக்கு முன் கண்புரை அறுவை செய்துகொண்ட பெரியவர்களிடமும் இதைப் பார்க்கலாம். பத்துப் பதினைந்து வயதுப் பிள்ளைக்குக் கண்ணாடிப் பவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டே போய், அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருந்தால், கருவிழி கூம்பாகும் கெரட்டோகோனஸ் இருக்கிறதா என்று பாருங்கள். அது நடு அடுக்கின் நோய். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் ரிபோஃபிளேவின் சொட்டும் புற ஊதா ஒளியும் கொண்டு செய்யும் கிராஸ்லிங்கிங் சிகிச்சையால் அது மேலும் முற்றாமல் நிறுத்திவைக்கலாம். மாற்று அறுவை வரை போகவே வேண்டியிராது.

2. நம் ஊரில் கருவிழி கெடும் வழிகள்

மதுரை மாவட்டத்தில் 1993-ஐ அடிப்படையாக வைத்துச் செய்த ஆய்வில், ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வருவதாகக் கணக்கிட்டார்கள். பணக்கார நாடுகளின் கணக்கைவிட இது பல மடங்கு. மதுரையில் செய்த இன்னோர் ஆய்வில், ஆய்வகச் சோதனையில் கிருமி வளர்ந்த புண்களில் ஏறத்தாழ பாதி பூஞ்சையால் வந்தவை. கதிர் அறுக்கும்போது நெல் தாள் குத்துவது, கரும்புச் சோகை கீறுவது, களத்தில் தூசி பறந்து விழுவது, மாட்டு வால் அடிப்பது என்று காயம் சின்னதாகத்தான் இருக்கும். பூஞ்சை அதில் புகுந்துவிடும்.

அதன்பிறகு நடப்பதுதான் எனக்கு ஆற்ற முடியாத வருத்தம். தாய்ப்பால் விடுவார்கள், நந்தியாவட்டைச் சாறு பிழிவார்கள், விளக்கெண்ணெய் விடுவார்கள். ஊரில் தூசி எடுக்கிற ஒருவரிடம் போவார்கள். இல்லையென்றால் மெடிக்கல் கடையில் "கண் செவந்துருக்கு, ஒரு சொட்டு மருந்து குடுங்க" என்று கேட்டு வாங்கி விடுவார்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் இரண்டு நாள் சிவப்பும் வலியும் குறையும். உள்ளே பூஞ்சை கொழுத்துக்கொண்டிருக்கும். கண் மருத்துவர் பார்க்காமல் ஸ்டீராய்டு சொட்டு விடவே கூடாது. பூஞ்சைப் புண்ணுக்கு நேட்டமைசின் என்ற மருந்து இருக்கிறது. அரவிந்த் கண் மருத்துவமனையும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து நடத்தி 2013-இல் வெளியான ஆய்வில், விலை கூடிய வோரிகோனசோலைவிட நேட்டமைசினே நல்ல பலன் தந்தது. அடிபட்ட மறுநாளே போனால் இந்தச் சொட்டோடு முடிந்துவிடக்கூடிய காரியம் அது.

சுண்ணாம்பு தனிக் கதை. வெற்றிலைச் சுண்ணாம்புப் பாக்கெட்டைக் குழந்தை அழுத்தி, அது பீய்ச்சியடித்துக் கண்ணில் பட்டால், ஆஸ்பத்திரிக்குப் புறப்படும் முன் அந்த இடத்திலேயே இமையை நன்றாகத் திறந்து பிடித்து, குடிதண்ணீரை ஓடவிட்டுக் கழுவுங்கள். குறைந்தது அரை மணி நேரம் விடாமல் கழுவ வேண்டும். இமைக்குள் ஒட்டிய துகளும் போக வேண்டும். பிறகுதான் வண்டி. கருவிழியின் ஓரத்தில் இருந்து அதன் தோல் அடுக்கைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும் மூலச் செல்களைச் சுண்ணாம்பு கொன்றுவிட்டால், வெறும் கருவிழி மாற்று நிலைக்காது. அடுத்த கண்ணிலிருந்து துளியளவு மூலச் செல் எடுத்து நட்ட பிறகே மாற்றைப் பற்றி யோசிக்க முடியும். 1905-இல் எட்வர்ட் ஜிர்ம் என்ற மருத்துவர் உலகில் முதன்முதலாக வெற்றிகரமாகக் கருவிழி மாற்றியதும் சுண்ணாம்பில் கண் வெந்த ஒரு கூலித் தொழிலாளிக்குத்தான்.

3. எந்த அடுக்குக்கு எந்த அறுவை

பழைய முறை, முழுக் கனத்தையும் வட்டமாக வெட்டி எடுத்துவிட்டு, தானக் கருவிழியை அதே இடத்தில் வைத்துத் தைப்பது. பி.கே. என்பார்கள். வட்டம் ஏழரை, எட்டு மில்லிமீட்டர் அகலம் இருக்கும். தலைமுடியைவிட மெல்லிய நைலான் நூலில் பெரும்பாலும் பதினாறு தையல். எல்லா அடுக்கும் கெட்டிருந்தால் இன்றும் இதுதான் வழி.

உள் அடுக்கு நன்றாக இருந்து, தழும்போ கூம்போ நடு அடுக்கில் இருந்தால் டால்க். மேலேயுள்ளதை மட்டும் எடுத்து மாற்றுவார்கள். உங்கள் சொந்த எண்டோதீலியம் அப்படியே இருக்கும். தானக் கருவிழியை உடல் ஏற்காமல் தள்ளுவதில் மோசமானது அந்த உள் அடுக்கைத் தாக்குவதுதான். டால்க்கில் அந்தப் பயம் இல்லை. இளவயதுக்காரர்களுக்கு இது பெரிய லாபம்.

உள் அடுக்கு மட்டும் கெட்டிருந்தால் டிசெக் அல்லது டிமெக். இரண்டிலும் உள் அடுக்கை மட்டும் மாற்றுவார்கள்; டிசெக்கில் வைக்கும் துண்டு சற்றுக் கனமானது. டிமெக் 2006 முதல் பரவிய முறை. இதில் வைக்கும் படலம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கனம்தான். அது தானாகவே சுருண்டுகொள்ளும், நிறமும் இல்லை. அதனால் நீலச் சாயம் ஏற்றி, சிறு துளை வழியாகக் கண்ணுக்குள் செலுத்தி, வெளியிலிருந்து மெல்லத் தட்டித் தட்டி விரிப்பார்கள். சரியான பக்கம் மேலே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கீழே ஒரு காற்றுக் குமிழியை விட்டு மேலே ஒட்டவைப்பார்கள். பார்வை தெளிய பி.கே.-யில் பல மாதங்கள், சில நேரம் ஓர் ஆண்டுக்கு மேல் ஆகும். டிமெக்கில் சில வாரங்களிலேயே தெரியத் தொடங்கும். உடல் தள்ளும் அபாயமும் மிகக் குறைவு.

"புது முறைதான் வேணும்" என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். முழுக்கத் தழும்பான கண்ணுக்கு டிமெக்கால் ஒன்றும் ஆகாது. பல முறை மாற்றியும் தோற்ற கண்களுக்குச் செயற்கைக் கருவிழியும் உண்டு. கண் மருத்துவப் பொருட்கள் செய்யும் மதுரை ஆரோலேப் நிறுவனம் அதைத் தயாரிக்கிறது. அது கடைசிப் படி.

பூஞ்சைப் புண் கருவிழியைத் துளைத்துவிடும் நிலையில் செய்யும் அவசர மாற்று வேறு. அது கண்ணைக் காப்பாற்ற. பார்வைக்கான மாற்று, புண் ஆறிப் பல மாதங்கள் கழித்துத் தனியாகச் செய்யப்படலாம். இதை முன்பே புரிந்துகொள்ளாமல் "ஆபரேஷன் பண்ணியும் தெரியலையே" என்று நொந்துபோகிறவர்கள் நிறைய.

4. மருத்துவமனைக்குப் போகும்போது

மதுரையில் அரசு இராஜாஜி மருத்துவமனை, நம்மவர்கள் சொல்கிற பெரியாஸ்பத்திரி இருக்கிறது. அண்ணா நகரில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. மாட்டுத்தாவணியில் இறங்கினால் பக்கம்தான். டாக்டர் கோ. வேங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கியது அது. பழைய சீட்டு, பழைய அறுவைக் குறிப்பு, இப்போது சாப்பிடும் மாத்திரைகள், இதுவரை கண்ணில் விட்ட எல்லாச் சொட்டு மருந்தின் காலிப் பாட்டில் உட்பட எடுத்துப் போங்கள். நாட்டு மருந்து விட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். யாரும் திட்டினாலும் பரவாயில்லை, சிகிச்சை அதை வைத்துத்தான் மாறும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், இந்த அறுவை அதில் வருமா என்று முதல் நாளே கவுன்ட்டரில் கேட்டுவிடுங்கள்.

பரிசோதனையில் நான்கு விஷயம் பார்ப்பார்கள்: வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரிகிறதா, கண் அழுத்தம் எவ்வளவு, ஸ்கேனில் விழித்திரை ஒழுங்காக இருக்கிறதா, கண்ணீர்ப் பாதையில் சீழ் இருக்கிறதா. கண்ணழுத்த நோயால் நரம்பு செத்திருந்தால் கருவிழியை மாற்றியும் பார்வை வராது. அப்போது "வேண்டாம்" என்று சொல்லும் மருத்துவரைக் கோபிக்காதீர்கள். உங்களை வீண் அலைச்சலிலிருந்து காப்பாற்றுகிறார். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருக்க வேண்டும்.

தானக் கண் கிடைக்கும் வரை காத்திருக்க நேரலாம். எடுத்த கருவிழியை எம்.கே. என்ற பாதுகாப்புத் திரவத்தில் 4 நாட்கள், ஆரோலேப்பின் கார்னிசால் திரவத்தில் 14 நாட்கள் வரை வைத்திருக்க முடியும். ஆகவே அழைப்பு வந்தால் "அடுத்த வாரம் வர்றோம்" என்பது நடக்காது. காத்திருப்புப் பட்டியலில் இருக்கும் நாட்களில் போன் எப்போதும் கையில் இருக்கட்டும், இரண்டாவது எண்ணாக மகனுடையதையோ மருமகளுடையதையோ கொடுத்துவையுங்கள்.

5. அறுவை நாளும் அடுத்த நாட்களும்

பெரியவர்களுக்குப் பெரும்பாலும் கண்ணை மட்டும் மரத்துப்போகச் செய்து அறுவை நடக்கும். குழந்தைகளுக்கு முழு மயக்கம். ஒன்று, ஒன்றரை மணி நேரம் அசையாமல் படுக்க வேண்டியிருக்கும் என்பதால், இருமல் இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். கண்ணின் நிறம் மாறுமோ என்று பலர் கேட்கிறார்கள். மாறாது. நிறம் தரும் பகுதியை யாரும் தொடுவதில்லை.

டிமெக், டிசெக் செய்தவர்கள் அன்றும் அடுத்த ஓரிரு நாளும் மல்லாந்து படுத்து விட்டத்தைப் பார்த்தபடி இருக்க வேண்டும். மேலே எழும்பும் குமிழிதான் படலத்தை அழுத்திப் பிடிக்கிறது. தலையணை வேண்டாம். சாப்பிடவும் பாத்ரூம் போகவும் மட்டும் எழுந்திருங்கள். கடுமையான வலியும் வாந்தியும் வந்தால் குமிழி உள்ளே நீர்ப் பாதையை அடைத்து அழுத்தம் ஏறியிருக்கலாம். நடுராத்திரி என்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். படலம் ஓரத்தில் விலகினால் மறுபடி காற்று செலுத்துவார்கள். அது தோல்வி அல்ல, சாதாரணமாக நடப்பது. குமிழி கரையும் வரை விமானப் பயணம் கூடாது.

6. சொட்டு மருந்து விடும் முறை

எங்கள் பெரியம்மாவுக்கு இந்த அறுவை நடந்தபோது, சொட்டு விடும் பொறுப்பு பத்தாம் வகுப்பு படித்த அவர் பேத்திக்கு. "ஏத்தா, பாட்டில ஆட்டுனியா?" என்று பெரியம்மா ஒவ்வொரு முறையும் கேட்பார், அவளும் "ஆட்டிட்டேன் அப்பத்தா" என்று சொல்லிவிட்டுத்தான் மூடியைத் திறப்பாள். கேட்க வேண்டிய கேள்வியே அதுதான். புதுக் கருவிழியை உடல் தள்ளாமல் இருக்க மருத்துவர் தரும் பிரட்னிசலோன் அசிட்டேட் போன்ற ஸ்டீராய்டு மருந்து அடியில் படியும். குலுக்காமல் விட்டால் விழுவது வெறும் தண்ணீர்.

கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நோயாளி மல்லாந்து படுக்கட்டும். கீழ் இமையை மட்டும் விரலால் கீழே இழுத்து, அங்கே உண்டாகும் பள்ளத்தில் ஒரே ஒரு சொட்டு. பாட்டில் முனை இமையிலோ முடியிலோ படக்கூடாது. கண்ணை மூடி, மூக்கோரத்தில் உள்ள மூலையை ஒரு நிமிடம் லேசாக அழுத்திப் பிடித்தால் மருந்து தொண்டைக்கு இறங்காது. அடுத்த பாட்டிலுக்கு ஐந்து நிமிட இடைவெளி விடுங்கள். திறந்த பாட்டிலில் தேதி எழுதி ஒட்டுங்கள். பொதுவாக ஒரு மாதத்துக்கு மேல் அதைப் பயன்படுத்துவதில்லை.

கண் வெளுத்துத் தெளிந்ததும் "சரியாப் போச்சு" என்று மருந்தை நிறுத்துவதுதான் நான் கண்ட மிகப் பெரிய ஆபத்து. ஸ்டீராய்டைப் படிப்படியாகத்தான் குறைப்பார்கள். பலருக்கு நாளுக்கு ஒரு சொட்டு என்று ஆண்டுகள் தொடரும். நாமாகக் கூட்டினாலும் கெடுதல், கண் அழுத்தம் ஏறும், புரை வரும். கண் தெளிவாகத் தெரிந்தாலும் அழுத்தம் பார்க்கவாவது குறித்த தேதியில் போக வேண்டும்.

7. உடல் தள்ளுகிறதா என்று கண்டுபிடிப்பது

தினமும் ஒரே இடத்தில் நின்று, நல்ல கண்ணை மூடிக்கொண்டு, சுவரில் மாட்டிய தினசரிக் காலண்டரின் தேதியைப் பாருங்கள். நேற்றுத் தெரிந்த எண் இன்று மங்கினால் அது செய்தி. அதோடு கண் சிவப்பு, வெளிச்சம் கூசுவது, வலி. இந்த நான்கில் எது ஒன்று வந்தாலும் அன்றைக்கே போங்கள். திருவிழா, வீட்டு விசேஷம், அறுவடை எதற்காகவும் தள்ளிப்போடாதீர்கள். சீக்கிரம் பிடித்தால் ஸ்டீராய்டை மணிக்கு ஒருமுறை விட்டே பெரும்பாலும் மீட்டுவிடலாம். ஒரு வாரம் கழித்துப் போனால் எண்டோதீலியம் செத்திருக்கும். முன்பே சொன்னதுபோல் அது திரும்பி வராது. இந்த ஆபத்து முதல் ஆண்டோடு ஒழிவதில்லை. பத்தாண்டு கழித்தும் வரலாம்.

பி.கே., டால்க் செய்தவர்களுக்கு மணல் விழுந்ததுபோல் உறுத்தினால் தையல் தளர்ந்திருக்கலாம். அதன் வழியே கிருமி புகும். நூலை மருத்துவர் ஒரு நிமிடத்தில் எடுத்துவிடுவார், நீங்கள் கசக்காதீர்கள்.

இரவில் பிளாஸ்டிக் மூடி போட்டுத் தூங்குவது, மருத்துவர் சொல்லும் வரை தலைக்கு ஊற்றாதது, கண்மாயில் குளிக்காதது எல்லாம் உங்களிடம் எழுதியே கொடுப்பார்கள். அதில் நான் அழுத்திச் சொல்வது ஒன்று: பி.கே. செய்த கண்ணின் தழும்பு ஒருநாளும் பழைய பலத்துக்கு வராது. விறகு பிளக்கும்போது, மாட்டைக் கட்டும்போது, பைக்கில் போகும்போது பாதுகாப்புக் கண்ணாடி ஆயுளுக்கும் வேண்டும். தையல் எடுத்தபின் வளைவு ஒழுங்கற்று இருந்தால் கண்ணாடியோ கான்டாக்ட் லென்ஸோ தேவைப்படும்.

8. உங்கள் வீட்டில் ஒரு சாவு நேர்ந்தால்

மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் ஒரு கருவிழி வந்து சேர வேண்டும். இந்தியாவின் முதல் கண் வங்கி 1945-இல் சென்னை எழும்பூரில் தொடங்கியது. மதுரையில் ரோட்டரி அரவிந்த் சர்வதேச கண் வங்கி இயங்குகிறது. எண்ணை இப்போதே எடுத்து வீட்டில் இரண்டு பேர் போனில் பதிந்துவையுங்கள். துக்க வீட்டில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்.

"மாமா, அம்மா கண்ணக் குடுத்துரலாம்னு நெனைக்கிறேன்."

"மொகம் கெட்டுப் போயிராதா மாப்ள? சொந்தக்காரங்கெல்லாம் இன்னும் வரலயே."

"கெடாது மாமா. இமைய மூடித்தான் வைப்பாங்க. இருபது நிமிசம், இங்கயே எடுத்துட்டுப் போயிருவாங்க."

முகம் கெடாது என்பது உண்மை. இறந்து ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்பதால், சொந்தம் முழுக்கக் கூடும்வரை காத்திருக்காமல் முதலில் போன் செய்யுங்கள். குழு வரும்வரை இமைகளை மூடி, மேலே சுத்தமான ஈரப் பஞ்சு வையுங்கள். தலைக்கு நேரே ஓடும் மின்விசிறியை நிறுத்துங்கள், ஏ.சி. இருந்தால் ஓடலாம். தலையணை வைத்துத் தலையைச் சற்று உயர்த்துங்கள். மருத்துவர் தந்த இறப்புச் சான்று தயாராக இருக்கட்டும். இறந்தவர் உயிரோடு இருக்கும்போது பதிவு செய்திருக்காவிட்டாலும் பரவாயில்லை. நெருங்கிய உறவினர் ஒருவர் சம்மதக் கையெழுத்திட, இரண்டு பேர் சாட்சி போட்டால் போதும்.

கண்ணாடி போட்டவர், புரை அறுவை செய்தவர், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர் எல்லோரும் கொடுக்கலாம். வெறிநாய்க்கடி, எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, ரத்தப் புற்றுநோய், ரத்தத்தில் கிருமி பரவி இறந்தவர்களிடமிருந்து எடுக்க மாட்டார்கள். கொஞ்சம் ரத்தமும் எடுப்பார்கள். அது இந்தச் சோதனைக்குத்தான். கண்ணை விற்பதும் வாங்குவதும் 1994-ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டப்படி குற்றம். யாராவது பணம் கேட்டாலோ தருவதாகச் சொன்னாலோ அவர் கண் வங்கி ஆள் அல்ல.

எடுத்த இடத்தில் லேசாகக் கசிவு தெரிந்தால் சுத்தமான துணியால் ஒற்றிவிடுங்கள். பிறகு குளிப்பாட்டலாம், மாலை போடலாம், எந்தச் சடங்குக்கும் தடையில்லை. அந்தக் கண்கள் இரண்டு பேருக்குப் போகும். அடுக்கு பிரித்துப் பயன்படுத்தினால் அதற்கு மேலும் சிலருக்குப் போகலாம். யாருக்குப் பொருத்தினார்கள் என்ற பெயரைக் கண் வங்கி இரு பக்கமும் சொல்லாது. மாற்று அறுவைக்குப் பயன்பட்டதா, ஆராய்ச்சிக்குப் போனதா என்பதைக் கேட்டால் சொல்வார்கள்.